எப்பாவலவும் தூத்துக்குடியும்: கேள்வி முந்தியதா, அனுமதி முந்தியதா?

2000 ஜூன் 2ஆம் திகதி இலங்கை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. எப்பாவலவில் மண்ணுக்கடியில் கிடக்கும் பொசுபேற்றை 30 ஆண்டுகளுக்கு அகழ்ந்தெடுக்க அரசும் பன்னாட்டுக் கம்பனிகளும் செய்யவிருந்த ஒப்பந்தம் அன்று கையெழுத்துக்கு முன்பே தடுக்கப்பட்டது. ஒரு குடும்பமும் ஊரைவிட்டுப் பெயரவில்லை. 18 ஆண்டுகள் கழித்து, 2018 மே 22ஆம் திகதி, கடலுக்கு அந்தப் பக்கம் தூத்துக்குடியில், ஸ்டெர்லைட் செம்பு ஆலையை மூடச் சொல்லி ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி நடந்த மக்கள்மீது பொலிஸ் சுட்டது. அந்தப் பொலிஸ் நடவடிக்கையில் 13 பேர் உயிரிழந்தார்கள். மே 28ஆம் திகதி ஆலையை நிரந்தரமாக மூடத் தமிழ்நாடு அரசு ஆணையிட்டது.

இந்த இரண்டு வரலாறுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டிய தேவை மாங்குளத்துக்கு உண்டு. ஏ9 வீதியிலிருந்து முல்லைத்தீவுக்குப் பிரியும் சந்தி இது. கிரவலும் மணலும் ஏற்றிய ரிப்பர்கள் ஓடுவதை வன்னி வீதிகளில் எல்லோரும் பார்க்கிறோம். கிழக்கே கொக்கிளாய்க் கரையில் கனிய மணல் இருக்கிறது. மேற்கே மன்னார்த் தீவில் இல்மனைட் இருக்கிறது. பொறுப்புக்கூறலைப் போரோடு மட்டும் சேர்த்துப் பேசிப் பழகிவிட்டோம். நிலத்தை அகழ வருகிறவரிடமும் அந்தக் கணக்கைக் கேட்கவேண்டிய காலம் வந்துவிட்டது.

இந்த ஒப்பீட்டில் நான் கண்ட முடிவு இது: உரிமைக் கணக்கை அனுமதிக்கு முன்னர் கேட்க முடிந்த ஊர் தப்பியது. அனுமதிக்குப் பின்னர் கேட்கவேண்டி வந்த ஊர் உயிரைக் கொடுத்தது. இரண்டு இடத்திலும் கம்பனியின் நடத்தை மனித உரிமை அளவில் விசாரிக்கப்படவே இல்லை.

இரண்டு ஊர்கள்

அனுராதபுரத்துக்குத் தெற்கே உள்ள எப்பாவலவில் 1971இல் புவிச்சரிதவியல் திணைக்களம் பொசுபேற்றுப் படிவைக் கண்டுபிடித்தது. உறுதிப்படுத்தப்பட்ட அளவு 25 மில்லியன் தொன், இருக்கக்கூடும் என்று கணித்தது மேலும் 35 மில்லியன் தொன். அரசின் லங்கா பொஸ்பேற் கம்பனி அதில் சிறிதளவை எடுத்து அரைத்து உரமாக விற்றுவந்தது. 1990களில் அமெரிக்காவின் ஃபிரீபோர்ட் மெக்மொறான், ஐஎம்சி அக்ரிகோ, ஜப்பானின் ரொமென் ஆகிய கம்பனிகளோடு அரசு பேச்சு நடத்தியது. 56 சதுர கிலோமீற்றர் பரப்பில் தேடி, தோண்டி, திருகோணமலையில் ஆலை அமைத்து உரம் செய்து விற்பது திட்டம். 2,600 குடும்பங்கள், ஏறத்தாழ 12,000 பேர், நிலத்தையும் வீட்டையும் விட்டுப் போகவேண்டியிருக்கும் என்று மனுதாரர்கள் நீதிமன்றத்தில் சொன்னார்கள். அவர்களுடைய வயல்களோடும் குளங்களோடும் விகாரைகளோடும், கலாவாவியிலிருந்து அனுராதபுரம்வரை நீரைக் கொண்டுபோகும் ஜய கங்கை என்ற பழைய கால்வாயும் அந்த எல்லைக்குள் வந்தது.

தூத்துக்குடியில் சுரங்கம் இல்லை. வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்த செம்புத் தாதுவை உருக்கும் ஆலைதான் இருந்தது. ஆனால் அதன் சொந்தக்காரர் உலகின் பெரிய சுரங்கக் கம்பனிகளில் ஒன்றான வேதாந்தா. ஒடிசாவில் அலுமினா, சாம்பியாவில் செம்பு என்று அதன் கை பல நாடுகளில் நீண்டது. லண்டன் பங்குச் சந்தையில் 2003இலிருந்து 2018வரை அது பட்டியலிடப்பட்டிருந்தது. இந்த ஆலை முதலில் வரவிருந்த இடம் மகாராட்டிர மாநிலத்து ரத்தினகிரி. அங்கே 1993இல் ஊர்மக்களின் எதிர்ப்பு வலுத்ததும் வேலை நின்றது. ஆலை தென்கோடிக்கு நகர்ந்தது. 1994இல் தூத்துக்குடியில் அடிக்கல் நாட்டினார்கள். பின்னாளில் ஆண்டுக்கு நான்கு இலட்சம் தொன் செம்பு உருக்கும் அளவுக்கு ஆலை வளர்ந்தது. அதை இரட்டிப்பாக்கும் முயற்சிதான் 2018 போராட்டத்துக்குக் கடைசி நெருப்பை வைத்தது.

உலகின் கண்ணில் ஃபிரீபோர்ட், வேதாந்தா ஆகிய இரு பெயர்களும் முன்னரே ஒரே பட்டியலில் ஏறியவை. நோர்வே அரசின் ஓய்வூதிய நிதியம் 2006இல் ஃபிரீபோர்ட் குடும்பத்தில் பிறந்த செம்பு, தங்கக் கம்பனியைத் தன் முதலீட்டிலிருந்து விலக்கியது. இந்தோனேசியாவின் பப்புவாவில் சுரங்கக் கழிவை ஆற்றில் விட்டது அதற்குக் காரணம். 2007இல் அதே நிதியம் சுற்றாடல் சேதத்தையும் மனித உரிமை மீறலையும் காட்டி வேதாந்தாவை விலக்கியது. அதன் அறநெறிக் குழு ஆராய்ந்த இடங்களில் தூத்துக்குடியும் ஒன்று. அங்கே சூடு நடப்பதற்கு 11 ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு வெளிநாட்டு முதலீட்டாளர் ஆபத்தைக் கண்டு விலகியிருந்தார். பக்கத்தில் இருந்த அரசுகளோ ஆலையைப் பெருப்பிக்க வழிவிட்டன.

எது முந்தியது?

இரண்டு கதைகளும் பிரியும் இடம் கால வரிசை. எப்பாவலவில் ஒப்பந்த வரைவு மட்டுமே இருந்தது. அதைப் பொதுமக்களுக்குக் காட்டாமல் வைத்திருந்தார்கள். ஆனாலும் செய்தி ஊருக்குள் வந்தது. கல்கந்த புராண விகாரையின் விகாராதிபதி ஒருவரும் விவசாயிகளும் சேர்ந்து ஏழு பேர் 1999இல் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தார்கள். அவர்களுக்கு அரசியலமைப்பு ஒரு வழியைத் திறந்து வைத்திருந்தது. உரிமை மீறப்பட்ட பிறகு மட்டுமல்ல, மீறப்படப்போகிறது என்ற நிலையிலும் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். நடக்காத தீங்கைக் காட்டி நீதி கேட்க அந்த வழி இடங்கொடுத்தது.

தூத்துக்குடியில் வரிசை தலைகீழாக இருந்தது. 1995 ஜனவரி 16ஆம் திகதி இந்திய மத்திய அரசு ஆலைக்குச் சுற்றாடல் அனுமதி கொடுத்தது. ஊர்மக்களை அழைத்துக் கருத்துக் கேட்கவேண்டும் என்ற விதி கட்டாயமானது 1997 ஏப்ரலில்தான். அதற்குள் ஆலை உருக்கத் தொடங்கிவிட்டது. மக்களைக் கேட்காமல் கொடுத்த அனுமதி சட்டப்படி பிழையில்லை என்று 2013இல் இந்திய உச்ச நீதிமன்றம் சொல்லக் காரணம் இந்தத் திகதிகள். ஆலை மன்னார் வளைகுடாவின் காக்கப்படவேண்டிய பகுதியிலிருந்து 25 கிலோமீற்றர் தள்ளி அமையவேண்டும் என்றது தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நிபந்தனை. அது காகிதத்தில் கிடந்தது. சுற்றிவர 250 மீற்றர் அகலத்தில் மரம் வளர்க்கவேண்டும் என்ற நிபந்தனை 25 மீற்றராகச் சுருங்கியது. கேட்கவேண்டியவர்களைக் கேட்காமல் கட்டிய ஆலையை அதன்பிறகு 20 ஆண்டுக்கு மேலாக மக்கள் கேள்வி கேட்டபடி இருந்தார்கள்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் கம்பனியின் குணமோ நாட்டின் குணமோ அல்ல என்பதற்கு ஒடிசாவின் நியம்கிரி மலை சான்று. அதுவும் வேதாந்தா தொடர்பானது, அதுவும் இந்தியாதான். மலை உச்சியிலிருந்த பொக்சைற்றை அரசின் ஒடிசா சுரங்கக் கூட்டுத்தாபனத்தோடு சேர்ந்து எடுக்கத் திட்டம் இருந்தது. டோங்ரியா கோந்த் பழங்குடியினர் அந்த மலையைத் தெய்வமாக வணங்குகிறவர்கள். மலை அகழ்வைப் பற்றி அவர்களுடைய கிராம சபைகள் முடிவு சொல்லவேண்டும் என்று 2013 ஏப்ரல் 18ஆம் திகதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அதற்கு அடிப்படை. அந்த ஆண்டு ஜூலையிலும் ஆகஸ்டிலும் 12 கிராம சபைகள் கூடின. 12உம் வேண்டாம் என்றன. சுரங்கம் நின்றது. ஆனால் மலையடியில் லாஞ்சிகரில் அந்தக் கேள்விக்கு முன்னரே கட்டிய அலுமினா ஆலை இன்றும் ஓடுகிறது. ஒரே கம்பனி, ஒரே மலை. கேட்டபின் தொடங்கவிருந்தது நின்றது, கேட்காமல் தொடங்கியது நிலைத்தது.

அறிஞர்கள் எங்கே நின்றார்கள்?

எப்பாவல விவசாயிகள் தனியே நிற்கவில்லை. நாட்டின் தேசிய விஞ்ஞானக் கழகமும் தேசிய விஞ்ஞான மன்றமும் இந்த ஒப்பந்தத்தை ஆராய்ந்து ஐயங்களை எழுத்தில் வைத்தன. படிவின் அளவு சரிவர அளக்கப்படவில்லை, இவ்வளவு வேகமாக எடுத்துத் தீர்ப்பது நாட்டுக்கு நல்லதா என்று அவர்கள் கேட்டார்கள். நீதிமன்றம் அந்தக் குரலை மதித்தது. சுற்றாடல் மதிப்பீட்டுக்குச் சட்டம் வகுத்த பாதையைச் சுற்றிப்போக ஒப்பந்தம் இடங்கொடுக்கிறது என்று கண்டது. உழவனின் அச்சத்துக்கு விஞ்ஞானியின் கணக்குத் துணை வந்தது. அரசு தன் அறிஞர்களின் சொல்லைத் தாண்டித்தான் கையெழுத்திடவேண்டியிருந்தது. அது அரசுக்குக் கடினமாகிவிட்டது.

தூத்துக்குடியில் அளவிடும் பொறுப்பு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் நீரி என்ற அரசு ஆய்வு நிறுவனத்திடமும் இருந்தது. 1998இல் நீரி குறை கண்டது. சென்னை உயர் நீதிமன்றம் ஆலையை நிறுத்தியது. சிறிது காலத்தில் ஆலை மறுபடி ஓடியது. அடுத்த ஆண்டு அதே நிறுவனம் சாதகமான அறிக்கை கொடுத்தது. 2013 மார்ச்சில் வாயு கசிந்து ஊர் மூச்சுத் திணறியபோது வாரியம் மூடச் சொன்னது, சுற்றாடல் வழக்குகளைக் கேட்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் திறக்கவிட்டது. நிறுத்துவதும் திறப்பதுமாக இப்படியே ஆண்டுகள் போயின. இதைப் பார்த்த மக்களுக்கு அறிக்கைகளில் இருந்த நம்பிக்கை போய்விட்டது. 2018 பெப்ரவரியில் அ. குமரெட்டியார்புரத்தில் தொடங்கிய போராட்டம் நூறாவது நாளில் நகரத்துத் தெருவுக்கு வந்ததற்கு இந்த நம்பிக்கை முறிவு பெரிய காரணம்.

நீதிமன்றங்கள் எதை நிறுத்தின?

எப்பாவலத் தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் ஏ.ஆர்.பி. அமரசிங்க. நாட்டின் இயற்கை வளத்துக்கு அரசு உடைமையாளர் அல்ல, காப்பாளர் என்பது அவருடைய அடிப்படை. வருங்காலத் தலைமுறைக்கும் அதில் பங்கு உண்டு என்றார். சட்டத்தின் முன் சமத்துவம், விரும்பிய தொழிலைச் செய்யும் உரிமை, விரும்பிய இடத்தில் வாழும் உரிமை ஆகிய மூன்றும் மீறப்படும் நிலையில் இருப்பதாக மன்றம் தீர்மானித்தது. படிவை முழுமையாக ஆராய்ந்து முடிவுகளை வெளியிடவேண்டும், சட்டப்படி மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் ஒப்புதலைப் பெறவேண்டும், அதுவரை ஒப்பந்தம் கூடாது என்பது கட்டளை. அகழ்வையே என்றைக்கும் கூடாது என்று மன்றம் சொல்லவில்லை. ஒளிக்காமல், ஆராய்ந்து, சட்டப்படி செய் என்றது. அந்த நிபந்தனைகளை நிறைவேற்றி அந்தத் திட்டத்தைத் தொடர எவரும் வரவில்லை. பொசுபேற்று இன்றும் எப்பாவல மண்ணில் இருக்கிறது.

தூத்துக்குடியில் நீதிமன்றங்கள் ஆலையைப் பலமுறை தொட்டன. 2010 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. 2013 ஏப்ரல் 2ஆம் திகதி வந்த தீர்ப்பில், ஆலை நீண்டகாலம் முறையான இசைவில்லாமல் ஓடியது, சூழலை மாசுபடுத்தியது, நீதிமன்றத்தில் உண்மைகளை மறைத்தது என்று உச்ச நீதிமன்றமே சொன்னது. சொல்லிவிட்டு 100 கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொல்லி ஆலையைத் தொடர விட்டது. வேலைவாய்ப்பும் செம்புத் தேவையும் அரசுக்கு வரும் வரியும் எடைபோடப்பட்டன. தவறு மெய்ப்பிக்கப்பட்டது, தண்டம் விதிக்கப்பட்டது, உலை எரிந்துகொண்டே இருந்தது. அந்தத் தீர்ப்புக்கும் துப்பாக்கிச் சூட்டுக்கும் இடையில் ஐந்து ஆண்டுகள்.

சூட்டுக்குப் பிறகு வழக்குகளின் போக்கு மாறியது. 2018 டிசம்பரில் பசுமைத் தீர்ப்பாயம் ஆலையைத் திறக்கச் சொன்னது. அதற்கு அந்த அதிகாரம் இல்லை என்று 2019 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2020 ஆகஸ்ட் 18ஆம் திகதி சென்னை உயர் நீதிமன்றம் மூடலை உறுதி செய்தது. 2024 பெப்ரவரி 29ஆம் திகதி உச்ச நீதிமன்றமும் கம்பனியின் மேன்முறையீட்டைத் தள்ளியது. எப்பாவலவில் ஒரு மனுவிலும் ஒரு தீர்ப்பிலும் முடிந்த காரியத்துக்கு இங்கே 1996இலிருந்து 2024வரை காலம் போனது. 13 உயிர்களும் போயின.

ஆலை மூடியதால் வேலை இழந்தவர்களும் இருக்கிறார்கள். செம்பை ஏற்றுமதி செய்த இந்தியா இறக்குமதிக்கு மாறியது. இந்த இழப்புகளும் உண்மையானவை. 1994இலேயே ஊரைக் கேட்டு, இடத்தைச் சரிபார்த்து, நிபந்தனைகளைக் காத்திருந்தால் தொழிலாளியும் அயலவரும் எதிரெதிரே நிற்கும் நிலை வந்திராது. முன்னரே கேட்பது தொழிலுக்கும் பாதுகாப்பு.

கம்பனி எங்கே?

இரண்டு கதைகளிலும் ஒரு பெரிய வெற்றிடம் இருக்கிறது. அடிப்படை உரிமை மனு அரசின் நிறைவேற்று, நிர்வாகச் செயல்களை நோக்கியது. எப்பாவலவில் மக்கள் உரிமையைக் காக்கவேண்டிய கடமை அரசுக்கு நினைவூட்டப்பட்டது. ஒரு கம்பனி என்ற வகையில் ஒப்பந்தக்காரருக்கு மனித உரிமைக் கடமை என்ன என்ற கேள்விக்கு அங்கே வேலை இருக்கவில்லை. தீங்கு நடக்கு முன்பே காரியம் முடிந்துவிட்டது.

தூத்துக்குடியில் தீங்கு நடந்துவிட்டது. ஆனாலும் அந்தக் கேள்வி எழுப்பப்படவில்லை. சூட்டை விசாரித்த ஓய்வுபெற்ற நீதியரசர் அருணா ஜெகதீசன் ஆணையம் 2022இல் அறிக்கை கொடுத்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் அது சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. 17 பொலிஸார்மீதும் அன்றைய ஆட்சியர்மீதும் நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. சுட்டதற்காக ஒருவரும் நீதிமன்றத்தில் தண்டனை பெறவில்லை. ஆணையம் பொலிஸின் செயலை ஆராய்ந்தது, நீதிமன்றங்கள் ஆலையின் புகையையும் கழிவையும் ஆராய்ந்தன. 20 ஆண்டு மாசு ஊராரின் உடம்புக்கும் நீருக்கும் செய்ததற்குக் கம்பனி அந்தக் குடும்பங்களுக்கு என்ன கடன்பட்டிருக்கிறது என்பதை முழுமையாக எடுத்து எவரும் தீர்க்கவில்லை. ஆலையின் கதவை மூடியது ஒரு முடிவு. பாதிக்கப்பட்டவருக்குக் கணக்குத் தீர்ப்பது வேறு. அது இன்னும் பாக்கி.

அந்தக் கணக்கின் ஒரு பகுதியைக் கேட்டவர்கள் சாம்பியாவின் சிங்கோலா ஊர்மக்கள். வேதாந்தாவின் துணைக் கம்பனி நடத்திய நிச்சங்கா செம்புச் சுரங்கக் கழிவு தங்கள் நீரையும் நிலத்தையும் கெடுத்தது என்று 1,826 பேர் லண்டனில் வழக்குப் போட்டார்கள். துணைக் கம்பனி செய்ததற்குத் தாய்க் கம்பனி எப்படிப் பொறுப்பாகும் என்று வேதாந்தா வாதாடியது. துணைக் கம்பனியைத் தாய்க் கம்பனி எந்த அளவுக்குக் கட்டுப்படுத்தியது, எதற்கெல்லாம் பொறுப்பேற்றதாக வெளியில் சொல்லிக்கொண்டது என்பதைப் பார்த்து அதன் கடமையை விசாரிக்கலாம் என்று 2019 ஏப்ரல் 10ஆம் திகதி ஐக்கிய இராச்சியத்தின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021 ஜனவரியில், பொறுப்பை ஒப்புக்கொள்ளாமலே, கம்பனி 2,571 பேரோடு இணக்கத்துக்கு வந்தது. சிங்கோலா மக்களுக்குப் பணம் கிடைத்தது, சுரங்கம் மூடவில்லை. தூத்துக்குடி மக்களுக்கு ஆலை மூடியது, கம்பனியிடமிருந்து அப்படி ஒரு தீர்வு கிடைக்கவில்லை. எப்பாவல மக்களுக்கு இரண்டுமே தேவைப்படவில்லை. மூன்றில் எது நல்ல முடிவு என்று தனியே சொல்லவேண்டியதில்லை.

2011இல் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை ஏற்றுக்கொண்ட வழிகாட்டிக் கோட்பாடுகள் மூன்று தூண்களில் நிற்கின்றன. அரசு மக்களின் உரிமையைக் காக்கவேண்டும், கம்பனி அதை மதிக்கவேண்டும், பாதிக்கப்பட்டவருக்குப் பரிகாரம் கிடைக்கவேண்டும். எப்பாவலவில் முதல் தூண் தாங்கியது. தூத்துக்குடியில் அதுவே முறிந்து விழுந்தது. கம்பனி மதித்ததா என்று கேட்கும் நிலை இரண்டு நாட்டிலும் இன்னும் உருவாகவில்லை.

வன்னிக்கு இதில் என்ன?

எப்பாவல விவசாயிகள் மனுத் தாக்கல் செய்த 1999இல் மாங்குளம் போர்முனை. 1998 செப்டம்பரில் இராணுவத்தின் கைக்கும் 1999 நவம்பரில் புலிகளின் கைக்கும் ஊர் மாறியது. மக்கள் காடுகளிலும் முகாம்களிலும் இருந்தார்கள். அதே தீவில், தெற்கே ஒரு நாள் பயணத் தூரத்தில், உழவர்கள் நாட்டின் அதியுயர் மன்றத்தில் நின்று நிலத்தைக் காத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய வெற்றியை நாங்கள் கொண்டாடவேண்டும். அது எங்களுக்கும் சொந்தமான சட்டம். ஆனால் அந்த மன்றத்தின் வாசலுக்குப் போக அவர்களிடம் இருந்தவை எங்களிடம் இருக்கின்றனவா என்று பார்க்கவும் வேண்டும்.

முதலாவது காணிப் பத்திரம். 2009இல் முள்ளிவாய்க்கால்வரை இடம்பெயர்ந்தவர்களில் பலர் உறுதியையும் அனுமதிப்பத்திரத்தையும் இழந்துதான் திரும்பினார்கள். கொக்கிளாய் மக்கள் 1984இலேயே ஊரைவிட்டு விரட்டப்பட்டு, போர் முடிந்த பிறகே திரும்பியவர்கள். பத்திரம் இல்லாதவர் மனுவில் முதல் பந்தியிலேயே தடுமாறுவார். உறுதி இருந்தாலும் நிலத்துக்கடியில் கிடக்கும் கனிமம் குடியரசுக்குரியது என்கிறது 1992ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டம். மேல்மண் மட்டுமே நம்முடையது. அந்த மேல்மண்ணுக்காவது எழுத்தில் சான்று வேண்டும்.

இரண்டாவது, அகழ்கிறவர் யார் என்ற தெளிவு. புல்மோட்டையிலிருந்து கொக்கிளாய்ப் பக்கம் கனிய மணல் எடுப்பது லங்கா மினரல் சாண்ட்ஸ் என்ற அரச கம்பனி. அங்கே அரசே கம்பனியாக நிற்கிறது. காப்பவரும் அகழ்பவரும் ஒருவராகும்போது ஆபத்துக் கூடுகிறது. ஆனால் அதன் செயல் அரசின் செயல் என்று காட்ட முடிந்தால், அடிப்படை உரிமை மனுவுக்கு நேர்வழி திறக்கிறது. மன்னார்த் தீவின் இல்மனைட்டில் பல ஆண்டுகளாக ஆய்வு நடத்திவருவது அவுஸ்திரேலியப் பங்குச் சந்தையில் பதிவான டைட்டேனியம் சாண்ட்ஸ் கம்பனி. தாழ்ந்த தீவு, மெல்லிய நன்னீர்ப் படை, கடலை நம்பிய குடும்பங்கள் என்று சொல்லி மன்னார் மக்கள் எதிர்த்து வருகிறார்கள். அங்கே இலங்கை அதிகாரிகள் கொடுக்கும் ஒவ்வொரு அனுமதியையும் இங்கே கேள்வி கேட்கலாம். கம்பனியின் நடத்தையை அதன் சொந்த நாட்டிலும் கேட்கலாம். பொருளாதார ஒத்துழைப்பு, அபிவிருத்தி அமைப்பு பன்னாட்டுக் கம்பனிகளுக்கு வகுத்த வழிகாட்டல்களை ஏற்ற நாடுகளில் முறைப்பாடு பெறும் தொடர்பு மையங்கள் இருக்கின்றன. நியம்கிரி மக்களோடு வேதாந்தா போதிய அளவு பேசவில்லை என்று பிரித்தானிய மையம் 2009இல் முடிவு சொன்னது. அவுஸ்திரேலியாவிலும் அப்படி ஒரு மையம் உண்டு.

மூன்றாவது, காலம். மன்னாரில் பெரிய அகழ்வு இன்னும் தொடங்கவில்லை. எப்பாவலவில் மனுப் போட்ட நாளில் இருந்த நிலை இது. தூத்துக்குடி 1994இல் தவறவிட்ட கதவு இங்கே இன்னும் திறந்திருக்கிறது. ஆனால் சட்டம் தரும் அவகாசம் குறுகியது. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டால் கருத்துச் சொல்ல 30 நாட்கள். அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. எப்பாவலக்காரருக்கு இல்லாத ஒரு கருவியும் இப்போது நம் கையில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டப்படி, எந்த அரச நிறுவனத்திடமும் அனுமதிப்பத்திரத்தையும் ஒப்பந்தத்தையும் எழுத்தில் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும்.

நான்காவது, எல்லோரும் ஒன்றாக நிற்பது. ரத்தினகிரி விரட்டிய ஆலை தூத்துக்குடிக்கு வந்தது. ஒரு ஊரின் வெற்றி அடுத்த ஊரின் சுமையாக மாறாமல் இருக்கவேண்டுமானால், ஊர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளவேண்டும். பலமான ஊர் மறுத்ததும் கம்பனி பலவீனமான ஊரைத் தேடும். போரால் நலிந்த, பத்திரம் இழந்த, வேலைக்கு ஏங்கும் வன்னி அப்படிப்பட்ட இடமாகக் கண்ணில் படும். எப்பாவலவில் விகாரையும் உழவரும் விஞ்ஞானியும் வழக்கறிஞரும் ஒன்றாக நின்றார்கள். யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. கிளிநொச்சியில் பொறியியலும் விவசாயமும் கற்பிக்கிறார்கள். மன்னாரின் நீரையும் கொக்கிளாயின் கரையையும் அவர்கள் சுதந்திரமாக அளந்து முடிவுகளைத் தமிழில் வெளியிடவேண்டும். அந்த அளவு இல்லாமல் மக்களின் அச்சம் மன்றத்தில் எடைபெறாது.

ஆகவே வாசகருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் கிரவலோ மணலோ கனிமமோ எடுக்க ஆள் வந்தால், யாருடைய அனுமதியில் வந்தார் என்று முதல் நாளே கேளுங்கள். பிரதேச செயலகத்திலும் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்திலும் பத்திரத்தின் பிரதியை எழுத்தில் கேளுங்கள். இழந்த காணிப் பத்திரத்தின் பிரதியை எடுக்க இன்றே விண்ணப்பியுங்கள். நூறு நாள் தெருவில் நின்று கேட்கவேண்டிய கேள்வியை, கையெழுத்துக்கு முந்திய முப்பது நாட்களுக்குள் கேட்டுவிடுங்கள்.